புது லிங்க் வாங்குவதற்கு முன், இருக்கிற லிங்க் எங்கே போகிறது என்று பாருங்கள்

கேள்வி: தையல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது, பராமரிப்பது பற்றிச் சில வருடங்களாக ஒரு இணையதளம் நடத்தி வருகிறேன். கூகுளில் முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்த என் கட்டுரைகள் பல இப்போது தேடினால் கண்ணிலேயே படுவதில்லை. தேடலில் தளங்களை மேலே கொண்டுவரும் வேலை செய்யும் ஒரு எஸ்.இ.ஓ. நிறுவனம், “உங்களுக்கு பேக்லிங்க், அதாவது மற்ற தளங்களிலிருந்து வரும் லிங்க், போதாது, மாதம் 200 லிங்க் போட்டுத் தருகிறோம்” என்கிறது. நண்பர் ஒருவர், “வெளித்தளங்களுக்கு நீங்கள் லிங்க் கொடுத்திருப்பதால் உங்கள் மதிப்பு வெளியே கசிகிறது, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அவற்றைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளுக்குச் சொல்லும் நோஃபாலோ குறியைப் போடுங்கள்” என்கிறார். இதே துறையில் தளம் நடத்தும் இன்னொருவர், “நீங்கள் எனக்கு லிங்க் கொடுங்கள், நான் உங்களுக்குத் தருகிறேன்” என்று கேட்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? கட்டுரைகளில் நான் எதையும் மாற்றவில்லை. சில மாதங்களுக்கு முன்பு தளத்தின் வடிவமைப்பை மட்டும் புதிதாக்கினோம், அப்போது பக்க முகவரிகளில் இருந்த ஆண்டையும் மாதத்தையும் எடுத்துவிட்டுச் சுருக்கினோம், அவ்வளவுதான்.

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்றது அந்தக் கடைசி வரியில்தான். போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், ஆனால் விஷயமே அங்கேதான் இருக்கிறது என்று பட்டது. தளத்தைத் திறந்து கொஞ்ச நேரம் துழாவியதும் அது உறுதியாகிவிட்டது. அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த நிறுவனத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். உங்களுக்கு லிங்க் பஞ்சம் எதுவும் இல்லை. நல்ல லிங்க்குகளே நிறைய இருக்கின்றன, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இப்போது இல்லாத பக்கத்தில் போய் முட்டி நிற்கின்றன.

உங்கள் ஊசி அளவு அட்டவணையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி உறையில் 90/14 என்று ஏன் இரண்டு எண்கள் போடுகிறார்கள், 90 என்றால் 0.9 மில்லிமீட்டர் தடிமன், 14 என்பது அதே ஊசிக்கு அமெரிக்க முறையில் உள்ள எண், மெல்லிய துணிக்கு எது, ஜீன்ஸுக்கு எது என்று எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அருமையாகப் போட்டிருக்கிறீர்கள். ஒரு தையல் பயிற்சிப் பள்ளி தன் மாணவர்களுக்கான பாடக்குறிப்பில் அந்த அட்டவணைக்கு லிங்க் கொடுத்திருக்கிறது. தையல் பற்றி எழுதுகிற வேறு சிலரும் கொடுத்திருக்கிறார்கள். உங்களிடம் யாரும் காசு வாங்கவில்லை, நீங்கள் யாரிடமும் கேட்கவும் இல்லை, பயனுள்ளது என்று அவர்களாகவே கொடுத்த லிங்க்குகள் இவை. அந்தப் பள்ளியின் பக்கத்திலிருந்து லிங்க்கைச் சொடுக்கிப் பாருங்கள். “பக்கம் கிடைக்கவில்லை” என்று வருகிறது. ஏனென்றால் அந்த லிங்க்கில் இருப்பது ஆண்டும் மாதமும் சேர்ந்த பழைய முகவரி. உங்கள் அட்டவணை வேறு முகவரிக்குக் குடிபெயர்ந்துவிட்டது என்று பள்ளிக்கும் தெரியாது, கூகுளுக்கும் தெரியாது.

கூகுளின் கண்ணில் இது எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். பழைய முகவரிக்கு வந்தால் 404, அதாவது பக்கமே இல்லை. சில தடவை வந்து பார்த்துவிட்டு அந்த முகவரியைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடும், அதோடு அந்த முகவரிக்கு வந்துகொண்டிருந்த சிபாரிசுகளும் பலனில்லாமல் போகும். புது முகவரியில் இருப்பது எழுத்துக்கு எழுத்து அதே கட்டுரையாக இருந்தாலும், அது நேற்று பிறந்த பக்கம், அதற்கு வெளியிலிருந்து ஒருவரும் லிங்க் கொடுக்கவில்லை. நீங்கள் எதையும் மாற்றவில்லை என்கிறீர்கள். உள்ளே இருக்கும் கட்டுரை மாறவில்லை, சரி. ஆனால் லிங்க் என்பது முகவரிக்குக் கொடுக்கப்படுவது, முகவரி மாறினால் பழைய லிங்க் தானாகப் பின்னால் வராது. வரவேண்டுமென்றால் வழி காட்ட வேண்டும்.

வழி காட்டுவதற்குப் பெயர் 301 ரீடைரக்ட். பழைய முகவரிக்கு யார் வந்தாலும், ஆளாக இருந்தாலும் கூகுளாக இருந்தாலும், “இது நிரந்தரமாக இங்கே மாறிவிட்டது” என்று சர்வரே புது முகவரிக்கு அனுப்பிவைக்கும். உங்கள் விஷயத்தில் முகவரியிலிருந்து தேதியை மட்டும்தான் எடுத்திருக்கிறீர்கள் என்பதால், பெரும்பாலான பக்கங்களுக்கு சர்வரில் ஒரே ஒரு விதி எழுதினால் போதும், வெப் டெவலப்பருக்கு அது பெரிய வேலை இல்லை. தலைப்பை மாற்றிய கட்டுரைகள் இருந்தால் அவற்றுக்கு மட்டும் கையால் ஒவ்வொன்றாகப் போட வேண்டியிருக்கும். இதில் மூன்று விஷயங்களை டெவலப்பரிடம் அழுத்திச் சொல்லுங்கள். எல்லாப் பழைய முகவரிகளையும் மொத்தமாக முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடக் கூடாது. சோம்பேறித்தனமாகப் பலர் செய்வது இது, கூகுள் அதைக் கிட்டத்தட்ட 404 மாதிரியேதான் நடத்தும், ஊசி அட்டவணை தேடி வந்தவரும் முகப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். இரண்டாவது, ஒரு முகவரியிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று சங்கிலியாகத் தாவ வைக்காமல் நேராகக் கடைசி முகவரிக்கே அனுப்ப வேண்டும். கூகுளின் ரோபோ 10 தாவல் வரை தொடரும் என்றாலும், தாவல் கூடக் கூட எங்காவது ஒன்று அறுந்துபோகும் வாய்ப்பும் கூடும். மூன்றாவது, ரீடைரக்டைச் சில மாதங்களில் எடுத்துவிடக் கூடாது. கூகுள் குறைந்தது ஒரு வருடம் வைக்கச் சொல்கிறது. என்னைக் கேட்டால், தளம் இருக்கும்வரை இருக்கட்டும். அந்தப் பள்ளி தன் பாடக்குறிப்பை எப்போது திருத்தும் என்று யாருக்குத் தெரியும்?

ரீடைரக்ட் போட்டால் மதிப்பில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்று ஒரு பயம் பல வருடங்களாக இருந்தது. 2016-இல் கூகுளின் கேரி இல்யெஸ் அப்படிக் குறையாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அதனால் தயங்க வேண்டாம்.

எந்தெந்த முகவரிகள் உடைந்திருக்கின்றன என்று தெரிந்துகொள்ள, தளம் நடத்துகிறவர்களுக்கு கூகுள் இலவசமாகத் தரும் கருவியான சர்ச் கன்சோலுக்குப் போங்கள். பக்கங்கள் பற்றிய அறிக்கையில், இண்டெக்ஸ் ஆகாதவற்றுக்கான, அதாவது கூகுளின் பட்டியலில் சேராதவற்றுக்கான காரணங்களில் “கிடைக்கவில்லை 404” என்று ஒரு வரி இருக்கும், அதைத் திறந்தால் பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் இருக்கும் எல்லாமே பிரச்சினை இல்லை, நீங்கள் வேண்டுமென்றே நீக்கியவையும் இருக்கும், யாரோ தப்பாகத் தட்டிய முகவரிகளும் இருக்கும். தேதி சேர்ந்த பழைய முகவரிகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். தளத்தின் பக்க முகவரிகளையெல்லாம் பட்டியலிடும் பழைய சைட்மேப் கோப்பு எங்காவது பேக்கப்பில் இருந்தால் இன்னும் நல்லது, ஒன்றும் விட்டுப்போகாது.

சரி, லிங்க்குக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்துவிடலாம், அப்போதுதான் மற்ற கேள்விகளுக்கும் பதில் புரியும். 1990-களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் உருவாக்கியதுதான் கூகுளுக்கு அடித்தளமாக இருந்த பேஜ்ரேங்க் என்ற மதிப்புக் கணக்கு. ஒரு பக்கத்தில் ஒரு சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவதோடு நிற்காமல், அந்தப் பக்கத்தை வேறு யார் யார் சுட்டுகிறார்கள், சுட்டுகிறவர்களை யார் சுட்டுகிறார்கள் என்று பார்த்தார்கள். ஆராய்ச்சி உலகில் ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று பார்க்கும் அதே வழக்கம்தான். கணக்கு இப்படிப் போகும்: ஒருவர் இணையத்தில் கண்ணில் பட்ட லிங்க்கையெல்லாம் சொடுக்கிக்கொண்டே போகிறார் என்று வையுங்கள். 100-க்கு 85 தடவை பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு லிங்க்கைச் சொடுக்குவார், மீதி 15 தடவை சலித்துப்போய் சம்பந்தமில்லாத எங்காவது தாவிவிடுவார். இப்படிச் சுற்றிக்கொண்டே இருப்பவர் ஒரு பக்கத்தில் எவ்வளவு அடிக்கடி வந்து சேர்கிறாரோ அதுதான் அந்தப் பக்கத்தின் மதிப்பு. ஆக, மதிப்புள்ள ஒரு பக்கம் பத்து லிங்க் கொடுத்தால், தான் கடத்தக்கூடியதைப் பத்தாகப் பிரித்துக் கொடுக்கிறது. நூறு லிங்க் கொடுத்தால் நூறாகப் பிரிகிறது.

இது 1998-இல் வெளியான கணக்கு. இன்று கூகுள் செய்வது இதைவிட எவ்வளவோ சிக்கலானது. எல்லா லிங்க்கும் சமம் என்ற நிலையும் போய்விட்டது. கட்டுரையின் நடுவில், படிக்கிறவர் சொடுக்கக்கூடிய இடத்தில் இருக்கும் லிங்க்கையும், பக்கத்தின் அடியில் குட்டி எழுத்தில் ஒளிந்திருக்கும் லிங்க்கையும் வேறு வேறாக எடைபோடும் முறைக்கு கூகுள் 2004-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. லிங்க்கின் எடையும் முன்புபோல் இல்லை. உள்ளடக்கமும் லிங்க்கும்தான் முதல் இரண்டு காரணிகள் என்று 2016-இல் கூகுள் ஊழியர் ஒருவர் சொன்னார். 2023-இல் கேரி இல்யெஸ், லிங்க் முதல் மூன்றில்கூட இல்லை என்றார். இதைக் கேட்டுவிட்டு “அப்போ லிங்க் தேவையே இல்லையா” என்று தாவிவிட வேண்டாம். ஒரே மாதிரி நல்ல பக்கங்கள் பத்து இருக்கும்போது எதை மேலே வைப்பது என்ற இடத்தில், பயிற்சிப் பள்ளி ஒன்று சுட்டிய அட்டவணைக்கும் யாரும் சுட்டாத அட்டவணைக்கும் வித்தியாசம் இன்னும் இருக்கத்தான் செய்கிறது.

இப்போது அந்த 200 லிங்க்குக்கு வருவோம். இந்த மாதிரி லிங்க் எங்கே வைக்கப்படும் என்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு தளம் இருக்கும். அதில் காலையில் முடி உதிர்வு பற்றி ஒரு கட்டுரை, மதியம் காப்பீடு, சாயங்காலம் நாய் வளர்ப்பு. எழுதியவர் பெயர் “அட்மின்”. நடுவில் சம்பந்தமே இல்லாமல் தையல் பற்றி ஒரு கட்டுரை வரும். அதன் மூன்றாவது பத்தியில் “சிறந்த தையல் இயந்திரம்” என்ற மூன்று சொற்களும் நீலத்தில் மின்னும், சொடுக்கினால் உங்கள் தளம். அதே மூன்று சொற்கள், அடுத்த தளத்திலும் அதே மூன்று சொற்கள், அதற்கடுத்ததிலும் அதே. மனிதர்கள் அப்படி லிங்க் கொடுக்க மாட்டார்கள். உங்கள் அட்டவணைக்கு வந்த உண்மையான லிங்க்குகளைப் பாருங்கள்: ஒருவர் “இந்த அட்டவணை” என்று கொடுத்திருக்கிறார், ஒருவர் உங்கள் தளத்தின் பெயரை எழுதியிருக்கிறார், ஒருவர் முகவரியை அப்படியே ஒட்டியிருக்கிறார். இந்தக் கலப்புதான் இயல்பு. கூகுளுக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியும், பல வருடங்களாகவே தெரியும்.

2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோது, இப்படி லிங்க் வாங்கிக் குவித்த தளங்கள் ஒரே நாளில் தலைகுப்புற விழுந்தன. 2016 செப்டம்பரிலிருந்து அது கூகுளின் மைய அல்காரிதத்திலேயே சேர்ந்து, எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இப்போது பெரும்பாலும் தண்டிப்பதைவிட, அந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவதுதான் நடக்கிறது. அதாவது நல்ல பக்கமாகப் பார்த்தாலே நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு ஒன்றும் கிடைக்காது. கெட்ட பக்கமாகப் பார்த்தால், கூகுளில் ஆளே உட்கார்ந்து பார்த்து, “இயல்புக்கு மாறான லிங்க்குகள்” என்று சர்ச் கன்சோலில் நடவடிக்கை வரும், அதிலிருந்து மீள மாதக் கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் பெரிய சில்லறை விற்பனை நிறுவனமான ஜே.சி. பென்னிக்கு இதுதான் நடந்தது. சம்பந்தமில்லாத ஏராளமான தளங்களில் அதற்கு லிங்க் வைக்கப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது, வரவேற்பறை மேசை நாற்காலிகளுக்கான தேடலில் முதல் இடத்தில் இருந்த நிறுவனம் 68-ஆவது இடத்துக்குப் போனது. எங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று நிறுவனம் சொன்னது, தன் எஸ்.இ.ஓ. நிறுவனத்தையும் நீக்கியது, ஆனால் இறங்கியது இறங்கியதுதான். லிங்க் வைப்பது வேறு யாராக இருந்தாலும் அடி விழுவது உங்கள் தளத்தின் மேல்தான், இதை மறக்காதீர்கள்.

அந்த நிறுவனம் உங்களுக்கு அனுப்பிய விவரத்தில் “டிஏ 50-க்கு மேல் உள்ள தளங்கள்” என்று ஆசை காட்டியிருக்கிறார்கள். டிஏ, அதாவது டொமைன் அத்தாரிட்டி என்பது மாஸ் என்ற தனியார் நிறுவனம் தன் கருவிக்காகக் கணக்கிடும் எண். கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை. இரண்டு தளங்களை ஒப்பிட்டுப் பார்க்க ஓரளவு உதவும், அவ்வளவுதான். அந்த எண்ணைச் செயற்கையாக ஏற்றி வைத்து விற்பதற்கென்றே தளங்கள் நடத்துகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் நண்பர் சொன்ன கசிவு விஷயம். இது கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல, மேலே சொன்ன கணக்கைப் பாதி புரிந்துகொண்டு சொல்வது. பத்து லிங்க் இருந்தால் பத்தாகப் பிரிகிறது, அதில் இரண்டு வெளியே போனால் அந்த இரண்டு பங்கு உங்கள் தளத்துக்குள் திரும்பாது என்பது காகிதத்தில் உண்மை. ஆனால் ஒரு கட்டுரையின் சொந்த மதிப்பு அதற்கு உள்ளே வரும் லிங்க்கால் வருவது, வெளியே போகும் லிங்க்கால் அது குறைந்து போவதில்லை. பாபின் கேஸ் மாற்றுவது பற்றிய கட்டுரையில் தயாரிப்பாளரின் கையேட்டுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் லிங்க்கை எடுத்துவிட்டால், படிக்கிறவருக்கு உறுதியாக நஷ்டம். உங்களுக்கு லாபம் என்று கையில் பிடித்துக் காட்ட ஒன்றும் இருக்காது.

அப்புறம் அந்த நோஃபாலோ. இதற்கு ஒரு கதை இருக்கிறது. 2005 ஜனவரியில் கூகுளும் யாஹூவும் எம்.எஸ்.என்-னும் சேர்ந்து, கருத்துப் பகுதிகளில் குப்பை லிங்க் கொட்டுகிறவர்களைத் தடுப்பதற்காக இதைக் கொண்டுவந்தார்கள். “இந்த லிங்க்குக்கு நான் பொறுப்பில்லை” என்று தேடுபொறியிடம் சொல்லும் குறி இது. உடனே சிலர் இதை வேறு மாதிரி பயன்படுத்த ஆரம்பித்தார்கள். பத்து லிங்க்கில் ஐந்துக்கு நோஃபாலோ போட்டால், மிச்ச ஐந்துக்கும் பத்தில் ஒரு பங்குக்குப் பதில் ஐந்தில் ஒரு பங்கு போகும், மதிப்பை நாம் விரும்பும் பக்கத்துக்குத் திருப்பலாம் என்று கணக்குப் போட்டார்கள். 2009-இல் கூகுளின் மேட் கட்ஸ் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்: நோஃபாலோ போட்டாலும் போடாவிட்டாலும் பத்தாகத்தான் பிரியும், நோஃபாலோ போட்ட ஐந்தின் பங்கும் யாருக்கும் போகாமல் ஆவியாகிவிடும். ஆக, எல்லா வெளி லிங்க்கிலும் நோஃபாலோ போட்டால் உங்களுக்கு ஒரு துளிகூடச் சேரப்போவதில்லை, நியாயமாகப் பாராட்டு பெறவேண்டிய தளங்களுக்குப் போகவேண்டியது மட்டும் நின்றுபோகும். உங்கள் நண்பர் மாதிரி இன்றும் பலர் 2009-க்கு முந்தைய ஆலோசனையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது, ஏனென்றால் ஒருவருக்கொருவர் லிங்க் கொடுத்துக்கொள்வதால்தான் இணையம் இணையமாக இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு நம்பிக்கையும் உலாவுகிறது. விக்கிப்பீடியா மாதிரிப் பெரிய தளங்களுக்கு நாம் லிங்க் கொடுத்தால் நம் ரேங்க் ஏறும் என்பது. அதற்கும் ஆதாரம் கிடையாது. படிக்கிறவருக்கு உதவும் என்றால் கொடுங்கள், ரேங்க்குக்காக என்றால் வேண்டாம்.

எங்கே குறி போட வேண்டுமோ அங்கே கட்டாயம் போடுங்கள். நீங்கள் காசோ பொருளோ வாங்கிக்கொண்டு கொடுத்த லிங்க், பரிந்துரை கமிஷன் வரும் லிங்க் இவற்றுக்கெல்லாம் ஸ்பான்சர்ட் என்ற குறி. வாசகர் கருத்துகளில் வரும் லிங்க்குக்கு யூஜிசி என்ற குறி. இரண்டும் 2019 செப்டம்பரில் வந்தவை. பழைய நோஃபாலோவே போட்டிருந்தாலும் கூகுள் ஏற்றுக்கொள்கிறது, மாற்றிக்கொண்டு கஷ்டப்பட வேண்டாம். உங்கள் தளத்தில் ஊசி, நூல் விற்கும் கடைகளுக்குக் கமிஷன் லிங்க்குகள் குறியே இல்லாமல் இருப்பதைப் பார்த்தேன், அதை முதலில் சரிசெய்யுங்கள்.

வெளியே போகும் லிங்க்கில் நிஜமான ஆபத்து ஒன்று உண்டு, அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. நீங்கள் ஆரம்ப காலத்தில் லிங்க் கொடுத்த தளங்களில் சில இப்போது உயிரோடு இல்லை. நடத்தியவர் டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார், வேறு யாரோ அதை வாங்கி அங்கே சூதாட்டத் தளம் வைத்திருப்பார். உங்கள் நூல் டென்ஷன் கட்டுரையின் கடைசியில் இருக்கும் லிங்க்கைச் சொடுக்கிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். நல்லெண்ணத்தோடு நீங்கள் ஒரு கைவினைஞரின் தளத்துக்குக் கொடுத்த சிபாரிசு, இன்று உங்கள் வாசகரைச் சூதாட்டத்துக்குக் கூட்டிப்போகிறது. செத்துப்போன லிங்க்குகளைக் கண்டுபிடித்துத் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன, ஆனால் இப்படி வேஷம் மாறிய லிங்க்கை அவை காட்டாது, ஏனென்றால் பக்கம் திறக்கத்தான் செய்கிறது. அதனால் பழைய கட்டுரைகளையாவது நீங்களே ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பாருங்கள். அலுப்பான வேலைதான், வேறு வழி இல்லை.

இனி, யாரிடமும் கேட்காமல் நீங்களே செய்துகொள்ளக்கூடிய ஒன்று: உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குக் கொடுக்கும் லிங்க். வெளியிலிருந்து வரும் மதிப்பு ஊசி அட்டவணையில் வந்து இறங்குகிறது, சரி, அங்கிருந்து மற்ற கட்டுரைகளுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? இப்போது அந்தப் பக்கத்தில் மேலே இருக்கும் மெனுவைத் தவிர உங்கள் வேறு கட்டுரை ஒன்றுக்குக்கூட லிங்க் இல்லை. ஊசி அளவு தேடி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஊசி முறிகிறது என்பதுதான் பிரச்சினையாக இருக்கும். அட்டவணைக்குக் கீழே “ஊசி அடிக்கடி முறிகிறதா, என்னென்ன காரணம் என்று பாருங்கள்” என்று எழுதி அந்தக் கட்டுரைக்கு லிங்க் கொடுங்கள். அங்கிருந்து நூல் டென்ஷனுக்கு, அங்கிருந்து பாபின் சுற்றுவதற்கு. லிங்க்காக இருக்கும் சொற்களே அடுத்த பக்கம் எதைப் பற்றியது என்று சொல்ல வேண்டும். உங்கள் கட்டுரைகள் நெடுக “இங்கே கிளிக் செய்யவும்” என்றே இருக்கிறது, அதிலிருந்து வாசகருக்கும் ஒன்றும் தெரியாது, கூகுளுக்கும் ஒன்றும் தெரியாது. உள் லிங்க்கில் முக்கியமான சொற்களை நேரடியாக எழுதுவதில் பயமே வேண்டாம், வெளியிலிருந்து காசுக்கு வரும் லிங்க்கில்தான் அது வில்லங்கம்.

உங்கள் தளத்தில் சில கட்டுரைகளுக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் லிங்க்கே இல்லை, சைட்மேப்பில் மட்டும் இருக்கின்றன. எழுதியவரே சுட்டாத பக்கத்தை மற்றவர் மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. புது வடிவமைப்பில் “தொடர்புடைய கட்டுரைகள்” பகுதியையும் பாருங்கள், அதில் வருபவை உண்மையான லிங்க்காக இல்லாமல், சொடுக்கினால் ஜாவாஸ்கிரிப்ட் மூலம் திறக்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் கூகுள் ரோபோ எதையும் சொடுக்குவதில்லை, முகவரியோடு கூடிய சாதாரண லிங்க் டேகைத்தான் அது தொடர்ந்து போகும். இதையும் டெவலப்பரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

லிங்க் பரிமாற்றம் கேட்டவர் விஷயத்துக்கு ஒரே கேள்வி போதும்: அவர் உங்களுக்கு லிங்க் தராவிட்டாலும் அவர் பக்கத்தை உங்கள் வாசகருக்குக் காட்டுவீர்களா? ஆம் என்றால் கொடுங்கள், அவரும் அதே மாதிரி கொடுத்தால் அதில் ஒரு தப்பும் இல்லை, ஒரே துறையில் இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் சுட்டுவது இயல்புதான். கூகுள் எதிர்ப்பது இதையே தொழிலாக வைத்து, “நண்பர்கள்” என்று ஒரு பக்கம் போட்டு அறுபது தளங்களைப் பட்டியலிடும் அளவுக்குப் போகும் பரிமாற்றத்தைத்தான். அவருடைய ஓவர்லாக் இயந்திரம் பற்றிய கட்டுரையைப் பார்த்தேன், உங்களிடம் இல்லாத விஷயம், நன்றாகவும் எழுதியிருக்கிறார். நானாக இருந்தால் நிபந்தனை எதுவும் பேசாமலே கொடுத்துவிடுவேன்.

புது லிங்க் வேண்டுமென்றால், ஊசி அட்டவணை உங்களுக்கு ஏற்கெனவே வழி காட்டியிருக்கிறது. மற்றவர்கள் எழுதும்போது “இதை நான் திரும்ப எழுத வேண்டாம், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லத் தூண்டும் பக்கம் அது. “தையல் இயந்திரம் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை” மாதிரிக் கட்டுரைகள் எல்லாரிடமும் இருக்கின்றன, யாரும் அதற்கு லிங்க் தர மாட்டார்கள். உங்களிடம் கைப்பழக்கம் இருக்கிறது. பாபின் தப்பாகச் சுற்றினால் தையல் அடியில் எப்படித் தெரியும், டென்ஷன் கூடினால் எப்படி, குறைந்தால் எப்படி என்று ஒவ்வொன்றையும் தைத்துப் பார்த்து, துணியின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் தெரிய அருகில் வைத்துப் படமெடுத்து ஒரே பக்கத்தில் போடுங்கள். அந்தப் பயிற்சிப் பள்ளிக்கு ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்புங்கள்: அட்டவணையின் முகவரி மாறியிருக்கிறது, முடிந்தால் திருத்திக்கொள்ளுங்கள், இப்படி ஒரு படத் தொகுப்பும் போட்டிருக்கிறேன் என்று. ஏற்கெனவே உங்களை மதித்தவர்கள், மறுபடி மதிப்பார்கள் என்றே நினைக்கிறேன். அந்த 200 லிங்க் எல்லாம் சேர்ந்தாலும் இந்த ஒரு லிங்க்குக்கு ஈடாகாது.

சர்ச் கன்சோலின் லிங்க் அறிக்கையைத் திறக்கும்போது கேள்விப்படாத வெளிநாட்டுத் தளங்கள், வால்பேப்பர் தளங்கள், அர்த்தமில்லாத பெயர்கள் எல்லாம் உங்களுக்கு லிங்க் கொடுத்திருப்பதாகக் காட்டும். பதற வேண்டாம். எல்லாத் தளத்துக்கும் இப்படிக் குப்பை சேரும், கூகுள் அதைக் கண்டுகொள்வதில்லை. அவற்றை நிராகரிக்க டிஸவோ என்ற கருவி 2012-லிருந்து இருக்கிறது, அதைக் காட்டி உங்களிடம் பணம் பறிக்கவும் ஆட்கள் வருவார்கள். நீங்களே காசு கொடுத்து வாங்கிய லிங்க்குகள் இருந்தாலோ, லிங்க் தொடர்பாக நடவடிக்கை என்று சர்ச் கன்சோலில் செய்தி வந்திருந்தாலோதான் அதைத் தொட வேண்டும். உங்களுக்கு இரண்டும் இல்லை. தெரியாமல் பயன்படுத்தினால் நல்ல லிங்க்கையும் சேர்த்து வெட்டிவிடும் அபாயம் இருக்கிறது, ஆகவே அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ரீடைரக்ட் போட்டபிறகு உடனே மாற்றம் தெரியாது. கூகுள் ஒவ்வொரு பழைய முகவரிக்கும் மறுபடி வந்து பார்க்க வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகும், அதிகம் எட்டிப்பார்க்காத பக்கங்களுக்கு மாதங்கள்கூட ஆகலாம். எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், இடைப்பட்ட மாதங்களில் மற்றவர்களும் எழுதியிருப்பார்கள். ஒரு சந்தேகம் உங்களுக்குக் கண்டிப்பாக வரும்: இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவது பற்றிய இரண்டு பழைய கட்டுரைகளை நீங்கள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறீர்கள், அந்த இரண்டு பழைய முகவரிகளையும் சேர்த்த கட்டுரைக்கே திருப்பிவிடுங்கள், அது சரியான முறைதான். நீக்கியே விட்ட, அதற்கு ஈடாக எதுவும் இல்லாத கட்டுரைகளை மட்டும் 404-ஆகவே விட்டுவிடுங்கள், எதற்காவது திருப்ப வேண்டுமே என்று எதையாவது பிடித்துப் போட வேண்டாம். அந்தப் பட்டியலில் எது எங்கே போகும் என்று பிடிபடாத முகவரிகள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்த்துவிடலாம்.